‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று அழுத்துவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டதை ஒட்டி, பழைய கணினியைக் கழித்துக்கட்டாமல் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தையும் போட்டுக்கொள்ளலாம் என்று தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். யோசனை நல்ல யோசனை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர் என்பன போன்ற காரணங்களால் விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும் கணினிகள் நம்மிடம் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆனால், ‘பென்டிரைவைச் செருகி நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று அழுத்தினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்’ என்ற வரிதான் உதைக்கிறது. காலி டிஸ்க்கில் போடுபவருக்கு அது சரி. ஏற்கெனவே விண்டோஸும், குடும்பப் படங்களும், கடைக் கணக்கும் இருக்கிற டிஸ்க்கில் போடுபவருக்கு அந்த அரை மணி நேரத்துக்கு முன்பாக ஒரு மாலைப்பொழுது வேலை இருக்கிறது. அந்த வேலையைச் செய்யாதவர்களே பிறகு ‘விண்டோஸ் போய்விட்டது’ என்று கணினியைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். கட்டுரை விட்டுவிட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் காப்பு. ‘டி டிரைவில் காப்பி எடுத்துவிட்டேன்’ என்பது காப்பு ஆகாது. பெரும்பாலான மடிக்கணினிகளில் சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்கின் இரு துண்டுகள். எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணை கெட்டால் இரண்டும் சேர்ந்தே கண்ணுக்குத் தெரியாமல் போகும். வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வைத்த பிறகுதான் மற்ற வேலை.

அடுத்து, உங்கள் விண்டோஸ் எந்த முறையில் பூட் ஆகிறது (தொடங்குகிறது) என்று பாருங்கள். விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தி, எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் தட்டினால் வரும் பக்கத்தில் ‘பயாஸ் மோட்’ என்றொரு வரி இருக்கும். அதில் யூஇஎஃப்ஐ என்றோ லெகசி என்றோ காட்டும். முன்னது புதிய தொடக்க முறை, பின்னது பழையது. லினக்ஸ் பென்டிரைவையும் அதே முறையில்தான் பூட் செய்ய வேண்டும். கணினியை எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரிவதைப் பலர் கவனித்திருப்பார்கள். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்றிருக்கும், மற்றதில் இருக்காது. விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் இருக்கும்போது தவறிப்போய் மற்றதைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸ் பழைய பாணியில் உட்கார்ந்துவிடும். நிறுவல் முடிந்ததாகத்தான் சொல்லும். ஆனால் அந்த முறையில் வரும், எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனுவால் யூஇஎஃப்ஐ விண்டோஸைத் தொடங்க முடியாது. லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் மாறும் ஒவ்வொரு முறையும் மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

லெகசி முறையில் உள்ள பழைய கணினிகளில் இன்னொரு தொல்லை. எம்பிஆர் என்ற பழைய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை உள்ள டிஸ்க்கில் பிரைமரி பார்ட்டிஷன் நான்குக்கு மேல் இருக்க முடியாது. 2010-ஐ ஒட்டி விற்பனையான பல மடிக்கணினிகள் விண்டோஸ் பூட் பகுதி, சி, ரெகவரி, தயாரிப்பாளரின் கருவிப் பகுதி என்று நான்கையும் நிரப்பியே வந்தன. சி-யைச் சுருக்கி இடம் எடுத்தாலும் லினக்ஸ் நிறுவி (இன்ஸ்டாலர்) அந்த இடத்தை ‘பயன்படுத்த முடியாதது’ என்றே காட்டும். இதைச் சரிசெய்வதாக நினைத்து விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் ஐந்தாவது பார்ட்டிஷன் உருவாக்கப் போனால், ‘டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா’ என்று கேட்கும். அதற்கு மட்டும் ‘யெஸ்’ சொல்லாதீர்கள். டைனமிக் டிஸ்க்கில் லினக்ஸ் நிறுவிகளுக்கு வேலை ஓடாது. பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் தரும் வழியோ எல்லாப் பகுதிகளையும் அழிப்பது. தயாரிப்பாளரின் கருவிப் பகுதியைக் காப்பெடுத்துவிட்டு நீக்கி, அந்த நான்காவது இடத்தில், உள்ளே பல பகுதிகளை ஏற்கும் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் போட்டு, அதற்குள் லினக்ஸை வைப்பதே வழி.

இனி வருவதுதான் அதிகம் பேரைக் கவிழ்ப்பது: டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். ‘நான் எதையும் பூட்டவில்லையே’ என்பார்கள். நீங்கள் பூட்ட வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் கொடுத்து உள்நுழையும் பல புதிய மடிக்கணினிகளில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற பெயரில் அது தானாகவே இயங்கத் தொடங்கிவிடும்; ஹோம் பதிப்பும் விலக்கல்ல. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவினால் பெரும்பாலும் அப்படித்தான். இது தெரியாமல் பயாஸில் செக்யூர் பூட்டை (கையொப்பமிட்ட தொடக்க நிரல்களை மட்டுமே ஓடவிடும் காவலை) அணைத்தாலோ பூட் வரிசையை மாற்றினாலோ, அடுத்த முறை விண்டோஸ் நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அந்த எண் இல்லாமல் உள்ளே இருப்பதை எடுக்க எந்தக் கடைக்காரராலும் முடியாது. ‘உடைத்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். கணினியில் எந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் இருக்கிறதோ அதில் இன்னொரு கருவியிலிருந்து நுழைந்து மீட்பு எண்ணைப் பார்த்து, காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே பயாஸைத் தொடுங்கள். பிள்ளையின் கல்லூரி அக்கவுன்டில் தொடங்கப்பட்ட கணினி என்றால் எண் அங்கேதான் கிடக்கும்; படிப்பு முடிந்து அந்த அக்கவுன்டும் மூடப்பட்டிருந்தால் தீர்ந்தது. உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் நிறுவியும் பிட்லாக்கர் இருக்கும் பகுதியைச் சுருக்க மறுத்து, விண்டோஸுக்குள் போய் அணைத்துவிட்டு வரச் சொல்லும். அணைத்த உடனே முடிந்துவிடாது; டிஸ்க் முழுவதையும் அது குறியாக்கம் நீக்கித் திரும்ப எழுத வேண்டும். சார்ஜரைச் செருகிவைத்துவிட்டுக் காத்திருங்கள்.

பிட்லாக்கருக்கு அடுத்த குற்றவாளி ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்தது. இது இயங்கும்போது ‘ஷட் டவுன்’ கொடுத்தால் விண்டோஸ் முழுதாக நிற்பதில்லை. தன் உட்கருவின் (கெர்னல்) நிலையை டிஸ்க்கில் எழுதிவிட்டு அரைத்தூக்கத்துக்குப் போகிறது. வேடிக்கை என்னவென்றால், ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் முழுதாக நின்று எழுகிறது. அரைத்தூக்கத்தில் இருக்கும் சி, டி டிரைவ்களை லினக்ஸ் திறக்க மறுக்கும், அல்லது படிக்க மட்டுமே விடும். இணையத்தில் யாரோ சொன்ன கட்டளையால் வலுக்கட்டாயமாகத் திறந்து கோப்புகளை எழுதிவிட்டால், விண்டோஸ் மறுபடி எழும்போது தன் பழைய நினைவை நம்பி அதன்மேல் எழுதும். கோப்புகள் காணாமல் போவது இங்கேதான். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’, அதற்குள் மேலே இருக்கும் நீல எழுத்து இணைப்பை அழுத்தி, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸின் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு அது மறுபடி முளைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இடம் ஒதுக்குவதை விண்டோஸிலிருந்தே செய்வது நல்லது. டிஸ்க் மேனேஜ்மென்டில் சி மேல் வலது கிளிக், ‘ஷ்ரிங்க் வால்யூம்’. 200 ஜிபி காலியாக இருந்தும் 12 ஜிபிதான் சுருக்க முடியும் என்று அது சொல்வதுண்டு. நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருப்பதே காரணம்: பேஜ் ஃபைல், ஹைபர்நேஷன் கோப்பு, ரெஸ்டோர் பாயின்ட்கள். மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயன்றால் பெரும்பாலும் வழிவிடும். லினக்ஸுக்கு உபுண்டு குறைந்தபட்சம் 25 ஜிபி கேட்கிறது. அது குறைந்தபட்சம் மட்டுமே. ஃபிளாட்பேக், ஸ்னாப் என்ற பொதி வடிவங்களில் செயலிகள் சேரும்போது அந்த இடம் சீக்கிரம் திணறும். 60 ஜிபிக்குக் குறைத்துக் கொடுக்காதீர்கள். எடுத்த இடத்தை விண்டோஸில் ஃபார்மேட் செய்யாமல் ‘அன்அலொகேட்டட்’ என்றே விட்டுவிட வேண்டும்.

இத்தனையும் செய்து பென்டிரைவில் பூட் செய்தால், சில மடிக்கணினிகளில் நிறுவிக்கு டிஸ்க்கே தெரியாது, அல்லது ‘ஆர்எஸ்டி-யை அணையுங்கள்’ என்று சொல்லும். பயாஸில் ஸ்டோரேஜ் முறை (டிஸ்க்கைக் கணினி கையாளும் விதம்) ரெய்டு அல்லது இன்டெல் ஆர்எஸ்டி என்றிருப்பதுதான் காரணம். இதைக் கேட்டவுடன் ஏஎச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்றிவிட்டு நிம்மதியாக லினக்ஸைப் போட்டு முடிப்பவர், பிறகு விண்டோஸைத் திறந்தால் ‘இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்ற நீலத் திரையைத்தான் பார்ப்பார். விண்டோஸ் கெடவில்லை, ஏஎச்சிஐ டிரைவரை அது தொடக்கத்தில் ஏற்றவில்லை, அவ்வளவுதான். வரிசையை மாற்றிச் செய்ய வேண்டும். முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியைத் திறந்து, பூட் பகுதியில் ‘சேஃப் பூட்’ டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது நேராக பயாஸுக்குப் போய் ஏஎச்சிஐ-க்கு மாற்றிச் சேமியுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழும்போது தேவையான டிரைவரைத் தானே பிடித்துக்கொள்ளும். பிறகு எம்எஸ்கான்ஃபிக்கில் அந்த டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். சில கணினிகளில் சேஃப் மோட் பின் எண்ணை ஏற்காது என்பதால் அக்கவுன்ட் பாஸ்வேர்டு கையில் இருக்கட்டும்.

பென்டிரைவைப் பற்றி இரண்டு வரி. பென்டிரைவில் எழுத வேண்டிய உபுண்டு 24.04 ஐஎஸ்ஓ கோப்பு 6 ஜிபியைத் தொடுகிறது. 4 ஜிபி பென்டிரைவ் இனி உதவாது, 8 ஜிபி வேண்டும். இறக்கிய கோப்பின் எஸ்எச்ஏ256 எண்ணை (கோப்பு பழுதின்றி இறங்கியதா என்று காட்டுவது) சரிபார்க்காமல் எழுதினால், பாதி நிறுவலில் ‘இன்புட் அவுட்புட் எரர்’ வந்து நிற்கும்போது குற்றம் டிஸ்க்கினுடையதா கோப்பினுடையதா என்று தெரியாமல் திண்டாட வேண்டிவரும்.

நிறுவியில் ‘விண்டோஸோடு சேர்த்து நிறுவு’ என்ற தேர்வு வராமல் போனால் அங்கேயே நிறுத்துங்கள். மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று மிச்சமிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்தத் தேர்வு இல்லாத இடத்தில் கண்ணில் படும் முதல் தேர்வு ‘டிஸ்க் முழுவதையும் அழி’ என்பது. பலர் வேறு வழியில்லை என்று நினைத்து அதை அழுத்துகிறார்கள். கையால் பார்ட்டிஷன் பிரிப்பவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: இஎஃப்ஐ பகுதியை ஃபார்மேட் செய்யக் கூடாது. விண்டோஸ் உருவாக்கிய அந்தப் பகுதி பெரும்பாலும் 100 எம்பிதான். அதற்குள்தான் விண்டோஸின் பூட் கோப்புகளும் இருக்கின்றன. அதைப் பயன்படுத்து என்று மட்டும் காட்டி, ஃபார்மேட் டிக்கை எடுத்துவிட வேண்டும். உபுண்டு, இன்னொரு லினக்ஸ் வகையான மின்ட் இரண்டும் அதில் சில எம்பி இடத்தோடு நிறுத்திக்கொள்ளும். கெர்னலையே அதில் வைக்கும் பாப் ஓஎஸ் போன்ற லினக்ஸ் வகைகளுக்கு 100 எம்பி போதவே போதாது.

இரண்டு டிஸ்க் உள்ள கணினியில், எஸ்எஸ்டியில் விண்டோஸ், ஹார்டு டிஸ்க்கில் லினக்ஸ் என்று பிரித்தால் பாதுகாப்பு என்று நினைப்பது இயல்பு. ஆனால் பழைய உபுண்டு நிறுவி நாம் எந்த டிஸ்க்கைக் காட்டினாலும் முதல் டிஸ்க்கின் இஎஃப்ஐ பகுதியிலேயே கிரப்பைக் கொண்டுபோய் வைத்துவிடும். பிறகு ஒரு டிஸ்க்கைக் கழற்றினால் இரண்டுமே தள்ளாடும். மேசைக் கணினி என்றால் நிறுவும்போது விண்டோஸ் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

நிறுவிய பிறகு வரும் புகார்களில் பாதி, உண்மையில் எதுவும் கெடாதபோது வருபவை. நேராக விண்டோஸே திறக்கிறது, லினக்ஸைக் காணோம் என்பார்கள். கணினியை இயக்கியதும் பூட் மெனு கீயை அழுத்துங்கள்: எச்பியில் எஃப்9, டெல், லெனோவோவில் எஃப்12, ஆசுஸ் மடிக்கணினியில் எஸ்கேப், ஏசரில் எஃப்12 (அதை முதலில் பயாஸில் இயக்க வேண்டியிருக்கும்). அந்தப் பட்டியலில் உபுண்டு, விண்டோஸ் பூட் மேனேஜர் இரண்டும் இருந்தால் இரண்டும் நலம். வரிசைதான் மாறியிருக்கிறது, பயாஸில் உபுண்டுவை மேலே ஏற்றினால் போதும். வெளியே கதவின் பெயர்ப்பலகை விழுந்ததற்கு வீட்டை இடிக்க வேண்டியதில்லை.

கிரப் வருகிறது, அதில் விண்டோஸ் இல்லை என்றால் காரணம் வேறு. 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் முன்னிருப்பாக அணைந்தே இருக்கிறது. கிரப் அமைப்புக் கோப்பில் அந்தத் தடையை ‘ஃபால்ஸ்’ என்று மாற்றி, கிரப்பைப் புதுப்பித்தால் விண்டோஸ் பட்டியலில் வந்துவிடும். கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து இங்கே தரவில்லை. அச்சில் ஓர் இடைவெளி பிசகினாலும் வேறு வேலை நடக்கும். அந்தந்த லினக்ஸ் வகையின் அதிகாரபூர்வ ஆவணத்திலிருந்து எடுத்துக்கொள்வதே நல்லது.

2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட் தனிக்கதை. இரட்டை பூட் கணினிகளில் பல அதற்கு அடுத்த நாள் லினக்ஸைத் திறக்க மறுத்து, ‘எஸ்பிஏடி’ சரிபார்ப்பு தோற்றது என்று சொல்லிவிட்டு அணைந்தன. பழைய, ஓட்டையுள்ள பூட் நிரல்களைத் தடுக்கும் பட்டியல் அது. இரட்டை பூட் கணினிகளைத் தொடாது என்று சொல்லப்பட்டும் தொட்டுவிட்டது. செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸுக்குள் போய் மோக்யூடில் கட்டளை மூலம் அந்தத் தடைப் பட்டியலை நீக்கி, லினக்ஸையும் புதுப்பித்துவிட்டு, மறுபடி செக்யூர் பூட்டை இயக்கினால் சரியானது. அது தெரியாமல் எத்தனை லினக்ஸ்கள் அழிக்கப்பட்டன என்பது அவரவர்க்கே வெளிச்சம்.

என்விடியா கிராஃபிக்ஸ் உள்ளவர்கள், டிரைவர் நிறுவும்போது கேட்கும் பாஸ்வேர்டை மறக்கக் கூடாது. அடுத்த ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரை சில விநாடி மட்டும் வந்து ‘என்ரோல் மோக்’ என்று கேட்கும். அங்கே அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். தவறவிட்டால் செக்யூர் பூட் அந்த டிரைவரை ஏற்றவிடாது. வைஃபை வரவில்லையென்றால் ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் கொடுத்து, டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டுவது பழுதே அல்ல: லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. டைம்டேட்சிடிஎல் கட்டளையால் லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் தீரும். இதற்கு மதர்போர்டு பேட்டரியை மாற்றச் சொல்லும் கடைகளும் இருக்கின்றன.

இனி, உதவி கேட்பது பற்றி. ‘லினக்ஸ் போட்டேன், ஒன்றும் வரவில்லை, அவசரம்’ என்று குரல் பதிவு அனுப்பினால் எவ்வளவு தெரிந்தவராலும் ஊகிக்கத்தான் முடியும். ஊகத்தில் சொன்னதைச் செய்துதான் கெடாததும் கெடுகிறது. கேள்வி இப்படி இருக்கட்டும்: ‘மடிக்கணினியின் முழு மாடல் எண் இது. 512 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று. விண்டோஸ் 11, யூஇஎஃப்ஐ, பிட்லாக்கர் அணைத்துவிட்டேன். லினக்ஸ் மின்ட் 22, ரூஃபஸ் மென்பொருளால் பென்டிரைவில் எழுதியது. நிறுவல் முடிந்து ரீஸ்டார்ட் செய்தால் கருப்புத் திரையில் இந்த வரி வருகிறது, படம் இணைத்துள்ளேன். பூட் மெனுவில் இவை தெரிகின்றன. பென்டிரைவில் திறந்தால் திரை நன்றாக வருகிறது.’ இவ்வளவு இருந்தால் பதில் ஒரே செய்தியில் வந்துவிடும். பிழைச் செய்தியை மொழிபெயர்க்காமல், சுருக்காமல் படமெடுத்தே அனுப்புங்கள். பிழை வந்த நிமிடத்துக்குப் பின் நீங்களாக என்னென்ன முயன்றீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முதல் பழுதைவிட இரண்டாவது ‘சரிசெய்தல்’தான் பெரும்பாலும் சிக்கல்.

பென்டிரைவில் லினக்ஸைத் திறந்து, பூட் ரிப்பேர் என்ற கருவியை நிறுவினால் அது கணினியின் பூட் நிலையை முழு அறிக்கையாகத் தரும். அந்த அறிக்கையை மட்டும் எடுங்கள். பக்கத்திலேயே பெரிதாக இருக்கும் ‘பரிந்துரைக்கப்பட்ட பழுதுநீக்கம்’ பொத்தானை, அறிக்கையைப் படித்த ஒருவர் சொல்லும்வரை அழுத்த வேண்டாம்.

உதவி செய்பவர்களிடமும் ஒரு குறை உண்டு. ‘விண்டோஸை ஏன் வைத்திருக்கிறீர்கள், முழுதாக அழித்துவிடுங்கள்’ என்பது பதில் அல்ல. டேலியும் அரசுத் துறைகளின் சில மென்பொருள்களும் டிஜிட்டல் கையொப்பக் கருவிகளும் விண்டோஸில்தான் ஓடுகின்றன. கேட்பவருக்கு இரண்டும் தேவை. மறுபக்கம், சர்வீஸ் கடைகளில் கிடைக்கும் ஒரே மருந்து ‘ஃபார்மேட் பண்ணிடலாம்’. பூட் வரிசையைப் பார்க்க இரண்டு நிமிடம். ஃபார்மேட்டுக்குக் கூலி அதிகம். கடைக்காரர் அதைச் சொன்னால், முதலில் லினக்ஸ் பென்டிரைவில் திறந்து கோப்புகள் தெரிகின்றனவா என்று காட்டச் சொல்லுங்கள். தெரிந்தால் ஃபார்மேட்டுக்கு அவசரமே இல்லை.

லினக்ஸ் வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களும் வேலைகளை முன்பின்னாகச் செய்யக் கூடாது. முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே வையுங்கள், பிறகு லினக்ஸ் பகுதியை நீக்குங்கள். லெகசி கணினியில் விண்டோஸ் மீட்பு வட்டிலிருந்து எம்பிஆரைத் திரும்ப எழுதிய பிறகே நீக்க வேண்டும். மாற்றிச் செய்தால் ‘கிரப் ரெஸ்கியூ’ என்ற கருப்புத் திரையில் நிற்பீர்கள்.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. இரட்டை பூட் கணினி நம் கிராமத்து வீடுகளுக்குள் வந்து இத்தனை ஆண்டுகளான பின்னும், அதைப் பற்றித் தமிழில் நம்பிக்கையாகக் கேட்க ஓர் இடம் மாவட்டத்துக்கு ஒன்றுகூட இல்லை. காஞ்சிபுரம், விழுப்புரம் போன்ற ஊர்களில் தன்னார்வ லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. மற்ற ஊர்க்காரர்கள் எங்கே போவது? கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம், மாவட்ட மைய நூலகங்கள் ஆகியவற்றில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்கு மேசையும் மின்இணைப்பும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கும் கொடுத்தால் போதும். சொல்லித்தர ஆட்கள் கிடைப்பார்கள். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகெங்கும் மென்பொருள் சுதந்திர நாளாகக் கொண்டாடப்படுகிறது. கல்லூரிகள் அன்றைக்குச் சொற்பொழிவுக்குப் பதில் நிறுவல் முகாம் நடத்தலாம்.

தங்கள் நாளிதழிடம் கேட்பது சிறியது. அடுத்த முறை லினக்ஸ் பற்றி எழுதும்போது, வெளிக் காப்பு, பயாஸ் மோட், பிட்லாக்கர் மீட்பு எண், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், ஸ்டோரேஜ் முறை ஆகிய ஐந்தையும் கட்டுரையின் தலைப்புக்குக் கீழேயே ஒரு கட்டத்தில் போடுங்கள். இப்போது கடைசிப் பத்தியில் ‘முன்னெச்சரிக்கை அவசியம்’ என்று ஒரே வரியாக வருகிறது. அந்தப் பத்தியைப் படிக்கும்போது பலர் நிறுவலைத் தொடங்கியிருப்பார்கள்.

இப்படிக்கு,
கணினி வன்பொருள் பயிற்றுநர்,
தஞ்சாவூர்.